ஆறு பவுண்டும் ஓர் ஆட்டுக்குட்டியும்

தியானப் பகுதி: லூக்கா 15:11–32

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமானவர்களே,



இந்த வாரத் தியானத்தை, நம் லெஸ்டர் நகரத்தில் படிக்க வந்திருக்கும் மாணவ மாணவியரையும், அவர்களைத் தங்கள் பிள்ளைகளைப்போல் பாவிக்கும் சபையாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட பொருள், ஒரு நாள் ஊருக்கு வெளியே சென்று வருவது. ஒரு போதகர் எழுதவேண்டிய பொருள்தானா இது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தயவுகூர்ந்து இறுதிவரை வாசியுங்கள்.

வாலிபர் ஐக்கியத்தார் ஒரு சனிக்கிழமைப் பயணத்துக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி மட்டும் தன் பெயரைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஐயா, அப்பா நிலத்தை அடமானம் வைத்துத்தான் என்னை அனுப்பியிருக்கிறார். வட்டி மாதாமாதம் ஏறுகிறது. நான் இங்கே ஊர் சுற்றிப் பார்த்தால் அது பாவம் இல்லையா?" என்றார். அவர் இந்நாட்டுக்கு வந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. அந்த ஒன்பது மாதங்களில் அவர் பார்த்த இடங்கள் மூன்றுதான்: பல்கலைக்கழகம், வேலை செய்யும் கிடங்கு, நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டின் ஓர் அறை.

இக்கேள்வியை நாம் இலேசாக எண்ணிவிடக் கூடாது. "போய்விட்டு வா, வயது அப்படித்தான்" என்று தோளில் தட்டி அனுப்புவதும் பதிலாகாது. தகப்பனின் வியர்வையை நினைத்துப் பார்க்கிற பிள்ளையின் கேள்வி இது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற வீடு பாக்கியமுள்ளது. ஆயினும், நல்ல கேள்வி எப்போதும் நல்ல இடத்திலிருந்தே பிறக்கும் என்று சொல்லிவிட முடியாது. பயமும் சில வேளைகளில் பக்தியின் உடையை அணிந்துகொண்டு வரும். ஆகவே இதை வேத வெளிச்சத்தில் சற்று ஆராய்வோம்.

தூர தேசத்துக்குச் சென்ற மகன் என்றவுடனே நமக்கு நினைவுக்கு வருபவன் கெட்ட குமாரன். தகப்பனின் ஆஸ்தியைப் பிரித்து வாங்கிக்கொண்டு, தூர தேசத்தில் அதை அழித்துப்போட்டவன். கடல் கடந்து படிக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையின் தலைக்குமேலும் இந்த உவமை தொங்கிக்கொண்டிருக்கிறது. விமான நிலையத்தில் வழியனுப்பும்போது சித்தப்பா ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். அந்த எச்சரிக்கை தேவையானதே. வார இறுதிதோறும் கடன் அட்டையில் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவிட்டு, கல்விக் கட்டணத்தின் அடுத்த தவணைக்கு வழியின்றித் தவிக்கும் பிள்ளைகளையும் நாம் அறிவோம்.

ஆனால் அந்த உவமையில் இரண்டு குமாரர்கள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். மூத்தவன் வயலைவிட்டு வெளியே போகவில்லை. கட்டளை ஒன்றையும் மீறவில்லை. அப்படியிருந்தும் அவன் உள்ளத்தில் ஒரு கசப்பு வருடக்கணக்காகச் சேர்ந்திருந்தது. தன் சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்கும்படி ஓர் ஆட்டுக்குட்டியைக்கூடத் தகப்பன் தனக்குக் கொடுத்ததில்லை என்று 29ஆம் வசனத்தில் அவன் குறைசொல்கிறான். அதற்குத் தகப்பன் கூறும் மறுமொழியைக் கவனியுங்கள்: தனக்குள்ளதெல்லாம் அவனுடையதாயிருக்கிறது என்கிறார். அப்படியானால் அந்த ஆட்டுக்குட்டி எப்போதுமே அவனுக்கு உரியதாயிருந்தது. அவன்தான் அதைத் தொடத் துணியவில்லை. மகனாய் இருந்துகொண்டே கூலியாளைப்போல் வாழ்ந்துவிட்டான்.

அன்பான மாணவர்களே, இளைய குமாரனாகிவிடுவோமோ என்ற அச்சத்தில் உங்களில் அநேகர் மூத்த குமாரனாக மாறிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. ஆஸ்தியை அழிப்பது வேறு, ஓர் ஆட்டுக்குட்டி வேறு. இந்த வேறுபாட்டை அறிவதே ஞானம்.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் முதலாவது கேட்டது என்ன? மூன்று நாள் பயணமாக வனாந்தரத்துக்குப் போய்க் கர்த்தரை ஆராதிக்க விடுமுறை. பார்வோன் உடனே ஜனங்களைச் சோம்பேறிகள் என்று பழித்தான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல்லின் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் நீங்கள் காலணியை மாட்டும்போது, "சோம்பேறி, உனக்கு இது தேவையா?" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்குமானால், அது உங்கள் தகப்பனின் குரல்தானா என்று நிதானித்துப் பாருங்கள். பல வேளைகளில் அது பார்வோனுடைய குரலாக இருக்கும். ஓய்வுநாள் கட்டளைக்கு உபாகமம் 5:15 கூறும் காரணமும் இதுவே: எகிப்தில் அடிமையாயிருந்தவர்கள் இனி அடிமைகளைப்போல் நாள்களைக் கழிக்கக் கூடாது.

இன்னுமொரு காரியம் உண்டு. குறைந்த செலவில் ஒரு நாள் சென்று வரும் பயணம் என்ற வழக்கத்துக்கும் நம் நகரத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே, பயணப்பெட்டியோடு நிற்கும் ஒருவரின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர் தாமஸ் குக். பிற்காலத்தில் உலகமறிந்த பயண நிறுவனத்தின் பெயராக அவர் பெயர் மாறியது. ஆனால் அவர் பாப்திஸ்து சபையைச் சேர்ந்த ஒரு மரவேலைக்காரர், இளவயதில் கிராமம் கிராமமாக நடந்து நற்செய்தி அறிவித்தவர், மதுவிலக்குக்காக உழைத்தவர். 1841ஆம் ஆண்டு ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்காக மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து லெஸ்டருக்கு நடந்து வரும் வழியில் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. உழைத்துக் களைத்த ஏழைத் தொழிலாளிக்கு மதுக்கடையைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. புதிதாக வந்திருக்கும் ரயிலை அவனுக்காகப் பயன்படுத்தினால் என்ன? அதே ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வந்தார். கட்டணம் ஒரு ஷில்லிங். கூரையில்லாத திறந்த பெட்டிகளில், வாத்திய இசையோடு அந்தப் பயணம் நடந்தது.

அந்த ஊழியக்காரர் பயணத்தை ஒரு மேட்டிமையான காரியமாகக் கருதவில்லை. மனுஷனை அடிமைத்தனத்திலிருந்து மீட்க ஒரு கருவியாகக் கண்டார். இன்று அதே லஃப்பரோவுக்கு ரயிலில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் 16 டன்னுக்கும் அதிக எடையுள்ள பெரிய மணி, 1881ஆம் ஆண்டு அங்குள்ள டெய்லர் வார்ப்பாலையில்தான் வார்க்கப்பட்டது.

இனி, ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய மூன்று இடங்களைக் குறிப்பிடுகிறேன். இவற்றைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் செலவு மட்டுமல்ல; ஒவ்வொன்றும் நம் விசுவாசத்தோடு பேசுகிறது.

முதலாவது, லட்டர்வர்த். இங்கே ரயில் இல்லை. லெஸ்டரிலிருந்து பேருந்தில் செல்லவேண்டும். ஆங்கிலத்தில் வேதாகமம் உண்டாக வழிவகுத்த ஜான் விக்ளிஃப், 1374 முதல் 1384இல் மரிக்கும்வரை இவ்வூர்ப் புனித மரியாள் ஆலயத்தின் குருவாக இருந்தார். ஆக்ஸ்போர்டின் பெரிய அறிஞர், வாழ்வின் கடைசி ஆண்டுகளில் இந்தச் சிற்றூரில் பிரசங்கித்தார். அவர் மரித்து 30 ஆண்டுகளுக்குப் பின், 1415இல், கான்ஸ்டன்ஸ் சங்கம் அவரைத் துர்உபதேசக்காரர் என்று தீர்த்தது. 1428இல் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்து, சாம்பலை ஊருக்கருகே ஓடும் ஸ்விஃப்ட் ஆற்றில் கொட்டினார்கள். அந்த ஆற்றைப் போய்ப் பாருங்கள். நம் ஊர் வாய்க்காலைவிடப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஸ்விஃப்ட் ஏவன் நதியில் கலக்கிறது. ஏவன் செவர்ன் நதியில் கலக்கிறது. செவர்ன் கடலுக்குப் போகிறது. ஒரு புத்தகத்தை அழிக்க நினைத்தவர்கள் அதன் சாம்பலைக் கடல்வரைக்கும் அனுப்பி வைத்தார்கள். தாய்மொழியில் வேதத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் ஒருமுறையாவது அந்தக் கரையில் நின்று ஸ்தோத்திரம் சொல்லவேண்டாமா? பொறியியல் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி: ஃபிராங்க் விட்டில் தம் ஜெட் எந்திரத்தை 1938 முதல் சோதித்துச் செம்மைப்படுத்தியதும் இதே ஊரில்தான்.

இரண்டாவது, கெட்டரிங். ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். 1792ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, வாலிஸ் என்ற விதவைத் தாயாரின் வீட்டுப் பின்னறையில் ஒரு சிறு கூட்டம் கூடியது. பாப்திஸ்து மிஷனெரி சங்கம் அந்த அறையில் பிறந்தது. அதற்கு ஊக்கமாயிருந்தவர் வில்லியம் கேரி. செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1789 முதல் 1793 வரை நம் லெஸ்டரின் ஹார்வி லேன் சபையில் போதகராயிருந்தவர். மிஷனெரிப் பணியின் அவசியத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலும் 1792இல் லெஸ்டரிலேயே அச்சாயிற்று. அந்த அறையில் அன்று வாக்களிக்கப்பட்ட காணிக்கை மொத்தம் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதில் அரை கினி, அதாவது 10 ஷில்லிங் 6 பென்ஸ், பெயர் குறிப்பிடாமல் கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் வில்லியம் ஸ்டாட்டன். அவர் ஓர் இறையியல் மாணவர்! கையில் காசில்லாத ஒரு மாணவரின் பங்கும் அந்தப் பெரிய பணியின் அஸ்திபாரத்தில் இருக்கிறது.

1793இல் கேரி இந்தியாவுக்குக் கப்பலேறினார். தமிழராகிய நாம் அவருக்கு முந்தியே இந்த ஆசீர்வாதத்தைப் பெற்றவர்கள் என்பது உண்மை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் உழைப்பால், கேரி பிறப்பதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே, 1715இல், தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. ஆனாலும் நமக்கும் கேரிக்கும் ஓர் உறவு உண்டு. அவரும் அவருடைய தோழரும் 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரி, 1827இல் டென்மார்க் அரசரிடமிருந்து பட்டமளிக்கும் உரிமையைப் பெற்றது. தமிழ்நாட்டின் போதகர்களில் மிகுதியானோர் பெற்றிருக்கும் இறையியல் பட்டம் அந்த வழியில் வந்ததே, என்னுடையதும் அப்படியே. கெட்டரிங்கின் அந்த வீடு இன்றும் நிற்கிறது. ஒரு சிறிய அறையில் பேசப்பட்ட வார்த்தை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, பிராட்கேட் பூங்கா. ஆன்ஸ்டி வரைக்கும் பேருந்தில் சென்று, அங்கிருந்து நியூடவுன் லின்ஃபோர்டு கிராமத்துக்கு நடந்துவிடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. பாறைகளும் ஓடையும் மான் கூட்டங்களும் உள்ள பரந்த நிலம். 1928இல் சார்லஸ் பெனியன் என்ற தொழிலதிபர் இதை விலைக்கு வாங்கி, இவ்வட்டார மக்களுக்கு என்றென்றைக்கும் உரியதாகக் கொடுத்துவிட்டார். யாரோ ஒருவருடைய தாராளத்தால் நாம் இலவசமாய் நடக்கிறோம். கிருபையை விளக்க இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

அங்கே இடிந்து நிற்கும் செங்கல் மாளிகை, ஜேன் கிரே அம்மையார் வளர்ந்த வீடு. 1553 ஜூலையில் ஒன்பது நாள்கள் இங்கிலாந்தின் அரசியாக அறிவிக்கப்பட்டு, அடுத்த பிப்ரவரியில் சிரச்சேதம் செய்யப்பட்ட இளம் பெண். ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் இந்த வீட்டுக்கு வந்தபோது, குடும்பத்தார் யாவரும் பூங்காவில் வேட்டையாடிக்கொண்டிருக்க, ஜேன் மட்டும் தனியே அமர்ந்து பிளேட்டோவைக் கிரேக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். ஏன் வெளியே போகவில்லை என்று கேட்டதற்கு, வேட்டையைவிட வாசிப்பே தமக்கு இன்பம் என்றார். இவ்வளவோடு நிறுத்தினால், நல்ல மாணவி என்று நம் பெற்றோர் மெச்சிக்கொள்வார்கள். ஆனால் அவர் தொடர்ந்து சொன்னது வேறு. தாய் தந்தையரின் கண்டிப்பு தாங்கமுடியாததாயிருக்கிறது. சாந்தமாகப் பேசும் ஆசிரியரோடு இருக்கும் நேரமே தமக்கு ஆறுதல் என்றார். புத்தகத்துக்குள் அமர்ந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் சுகமாயிருக்கிறார்கள் என்று நாம் முடிவுசெய்துவிடக் கூடாது. அறைக் கதவு அடைத்தே இருக்குமானால், யாராவது மெல்லத் தட்டிக் கேட்கவேண்டும்.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். கோபுரம் கட்ட விரும்புகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பது ஆண்டவரே காட்டிய வழி (லூக்கா 14:28). இதை எழுதும் நாளில், இங்கிலாந்தின் பெரும்பாலான பேருந்துகளில் ஒருவழிப் பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. லட்டர்வர்த்துக்குப் போகவர 6 பவுண்டு. 21 வயது நிறைந்தவர்களுக்குச் சட்டம் விதித்திருக்கும் ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியில் அது ஏறத்தாழ பாதி. ரயிலுக்கு, 16 முதல் 25 வயதினருக்கான ரயில் சலுகை அட்டை ஆண்டுக்கு 35 பவுண்டு. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25 வயதைத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவராயிருந்தால் அதைப் பெறலாம். வார நாள்களில் காலை 10 மணிக்கு முன் பயணம் செய்தால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நீங்கலாக, குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று குறுக்கிடும். சனிக்கிழமையில் அந்தத் தொல்லை இல்லை. அட்டை இல்லாதவர்கள் மூன்று முதல் ஒன்பது பேராகச் சேர்ந்து, நெரிசல் இல்லாத நேரத்தில் ஒன்றாகப் பயணம் செய்தால், பல ரயில்களில் அதே மூன்றில் ஒரு பங்கு சலுகை கிடைக்கும். தனியே போவதைவிடக் கூடிப்போவது மலிவு! பிரசங்கி 4:9ஐ ரயில் துறையும் அறிந்திருக்கிறது போலும்.

உணவைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும். திரும்பிவரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் புறப்படும் முன்னரே பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வண்டிகள் குறைவு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஆகவே மே முதல் செப்டம்பர் வரையிலான நீண்ட பகல்களைப் பயன்படுத்துங்கள். மழைச்சட்டையை மறக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கென்று மாதம் ஒரு சிறு தொகையை முன்னமே பிரித்து வையுங்கள். பிரித்து வைத்த பணத்தைச் செலவிடும்போது மனச்சாட்சி குத்தாது. கல்விக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் வீட்டுக்கு அனுப்பவேண்டியதற்கும் உரியதில் கை வைக்காதீர்கள். அங்கேதான் ஆட்டுக்குட்டி முடிந்து ஆஸ்தி தொடங்குகிறது.

வீட்டுக்கு அதை மறைக்கவும் வேண்டாம். விக்ளிஃபின் ஆற்றங்கரையில் எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்புங்கள். அவர் வட்டி கட்டுவது ஒரு பட்டத்தாளுக்காக மட்டுமல்ல. பிள்ளை வாழவேண்டும் என்பதற்காக. முதல் உலகப்போரில் மரித்தவர்களின் நினைவாக 1921இல் தொடங்கப்பட்ட நம் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் இலத்தீன் இலட்சிய வாக்கும் யோவான் 10:10ஐத் தழுவியதே: அவர்கள் ஜீவன் பெறவேண்டும் என்பதே அதன் பொருள். மகனை இழந்த தகப்பன்மார் வாழ்ந்த ஊர், படிக்க வரும் பிள்ளைகளுக்காகத் தெரிந்துகொண்ட வார்த்தை அது.

சபையின் குடும்பத்தாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வுநாளின் இளைப்பாறுதல் வீட்டாருக்கு மட்டுமல்ல, வாசல்களில் இருக்கிற அந்நியனுக்கும் உரியது என்று யாத்திராகமம் 20:10 கற்பிக்கிறது. உங்கள் காரில் இரண்டு இருக்கைகள் காலியாயிருக்கும் சனிக்கிழமைகள் உண்டு. கல்விக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடங்கொடாத பிள்ளைகள், எண்ணி எண்ணிச் செலவு செய்கிறார்கள். அவர்களுக்குப் பணமாகக் கொடுத்தால் கூச்சப்படுவார்கள். "நாங்கள் பிராட்கேட்டுக்குப் போகிறோம், நீயும் வா தம்பி, சாப்பாடு எங்களோடு" என்று அழைத்தால் வருவார்கள். அந்த நடையில் அவர்கள் பேசும் காரியங்கள், ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும் ஐந்து நிமிடத்தில் ஒருபோதும் வெளிவரா.

ஊழியத்திலிருந்து திரும்பிய சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதிருந்தபோது, ஆண்டவர் அவர்களைத் தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தார் (மாற்கு 6:31). செய்து முடிக்கவேண்டிய வேலை அப்போதும் மிச்சமிருந்தது. கரையேறியபோது திரளான ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் படகில் ஆண்டவரோடு சென்ற அந்தச் சிறு நேரம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. கடன் தீர்ந்தபின், பட்டம் பெற்றபின், வேலை கிடைத்தபின் என்று அவர் சொல்லவில்லை. களைத்திருக்கும்போதே அழைத்தார்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, தூர தேசத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். வீணாய்ச் செலவிடும் கைகளுக்கு அடக்கத்தையும், பயந்து மூடியிருக்கும் கைகளுக்கு விடுதலையையும் தாரும். அவர்களுக்காகக் கடன்பட்டிருக்கும் பெற்றோரின் பாரங்களை இலகுவாக்கும். அவர்கள் போகையிலும் வருகையிலும் உமது சமுகம் கூடவே செல்வதாக. எங்கள் வீட்டு வாசல்களை அவர்களுக்கு அகலத் திறந்துவிட எங்களுக்கு மனதைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்